சமூகச் செயற்பாட்டில் இணையமும் மரபு ஊடகங்களும்

சமூகச் செயற்பாட்டில் இணையத்தின் பங்கு என்பது, சமூக, அரசியல், சூழலியல் மாற்றங்களை வேண்டி மக்கள் மேற்கொள்ளும் கூட்டு முயற்சிகளில் மின்னஞ்சல், வலைத்தளம், வலைப்பதிவு, சமூக வலைத்தளம், செய்திச் செயலி முதலிய இணையவழிக் கருவிகள் பயன்படும் முறையைக் குறிக்கும். நாளிதழ், வார இதழ், வானொலி, தொலைக்காட்சி ஆகியவை மரபு ஊடகங்கள் எனப்படுகின்றன. துண்டறிக்கை, சுவரொட்டி போன்ற சிறு ஊடகங்களும் இவற்றோடு சேர்த்து எண்ணப்படுவதுண்டு.

1990களின் நடுப்பகுதியில் இருந்து உலகின் பல பகுதிகளில் இணையம் மக்கள் இயக்கங்களின் கருவியாகப் பயன்பட்டு வருகிறது. இணையம் மரபு ஊடகங்களின் இடத்தை எடுத்துக்கொண்டது என்று கூறப்படுவதுண்டு. ஆனால் வெற்றி பெற்றனவாகக் கருதப்படும் இயக்கங்களை ஆராய்ந்தால், பெரும்பாலானவற்றில் இணையமும் மரபு ஊடகங்களும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்கியுள்ளமை தெரியவரும். எந்தப் பணிக்கு எந்த ஊடகம் பயன்பட்டது என்பதே இங்கு முக்கியமான கேள்வி ஆகும்.

ஊடகம் ஆற்றும் பணிகள்

ஒரு சமூக இயக்கத்துக்கு ஊடகம் பின்வரும் நான்கு பணிகளை ஆற்றுகிறது எனலாம்.

1. பரப்புதல்: கோரிக்கையையும் அதன் நியாயத்தையும் பலருக்கும் தெரிவித்தல்.
2. திரட்டுதல்: எங்கு, எப்பொழுது, எவ்வாறு கூடுவது என்று ஆதரவாளர்களுக்கு அறிவித்தல்.
3. சான்று சேர்த்தல்: நடந்த நிகழ்வை, குறிப்பாக அடக்குமுறையை, மறுக்க முடியாதபடி பதிவு செய்தல்.
4. அழுத்தம் தருதல்: முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளோர் புறக்கணிக்க முடியாத நிலையை உருவாக்குதல்.

இந்நான்கும் வெவ்வேறு இயல்பு கொண்டவை. விரைவாகத் திரட்டக்கூடிய ஊடகம் நம்பகமான சான்றைத் தரும் ஊடகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே இரு வகை ஊடகங்களையும் ஒப்பிடும்பொழுது எந்தப் பணியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வது அவசியம்.

இணையத்துக்கு முந்திய நிலை

இணையம் வருவதற்கு முன்னரும் இயக்கங்கள் தமக்கென ஊடகங்களை உருவாக்கிக் கொண்டன. சுப்பிரமணிய பாரதியார் எழுதிய "இந்தியா" வார இதழ் சென்னையில் இருந்து வெளிவந்தது. 1908இல் அதன் பதிவு பெற்ற ஆசிரியர் கைது செய்யப்பட்டதை அடுத்து, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு இதழ் மாற்றப்பட்டது. பிரித்தானிய இந்தியாவுக்குள் இதழ் வருவதற்குத் தடை விதிக்கப்பட்ட பின்னர், 1910இல் அது நின்று போனது. ஓர் அரசின் எல்லைக்கு வெளியே அச்சகத்தை வைக்க முடிந்தாலும், அச்சிட்ட தாள் எல்லையைக் கடந்தாக வேண்டும் என்பதே அன்றைய இடர்ப்பாடு. அந்த வழி அஞ்சலகத்தின், அதாவது அரசின், கையில் இருந்தது.

1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகம் ஊடகத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்திய இயக்கத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். காந்தி மார்ச் 12 அன்று சபர்மதியில் இருந்து புறப்பட்டு ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பு எடுத்தார். ஏறக்குறைய மூன்றரை வாரங்கள் நடந்தே சென்றமையால், செய்தி நாள்தோறும் வளர்வதற்கும் வெளிநாட்டுச் செய்தியாளர் வந்து சேர்வதற்கும் நேரம் கிடைத்தது. மே 21 அன்று தராசனா உப்பளத்தில் தொண்டர்கள் தாக்கப்பட்டதை வெப் மில்லர் என்ற அமெரிக்கச் செய்தியாளர் நேரில் கண்டு எழுதிய செய்தி, உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் வெளியானது. இங்கு சான்று சேர்க்கும் பணியை இயக்கத்தைச் சாராத ஒருவர் செய்தார். அச்செய்தியின் வலிமைக்கு அதுவே காரணம்.

ஐக்கிய அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு சிறு ஊடகத்தின் ஆற்றலைக் காட்டுகிறது. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆசிரியை கல்லூரியில் இருந்த நகலெடுக்கும் பொறியில் பல்லாயிரக்கணக்கான துண்டறிக்கைகளை உருவாக்கினார். அவை மறுநாள் பள்ளிகள், கடைகள் வழியாக நகரெங்கும் சென்றடைந்தன. டிசம்பர் 4 அன்று உள்ளூர் நாளிதழ் இத்திட்டத்தை முதற்பக்கச் செய்தியாக்கியது. துண்டறிக்கை கிடைக்காத கறுப்பின மக்களுக்கும் அதன் மூலம் செய்தி எட்டியது. டிசம்பர் 5 அன்று தொடங்கிய புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. அத்தனை நாட்களும் மக்கள் வேலைக்குச் சென்று வருவதற்கு நூற்றுக்கணக்கான மகிழுந்துகளைக் கொண்ட மாற்றுப் போக்குவரத்து ஏற்பாடு தேவைப்பட்டது. துண்டறிக்கை இயக்கத்தைத் தொடங்கி வைத்தது. அதனைக் காத்தது தேவாலயங்களையும் சங்கங்களையும் மையமாகக் கொண்ட அமைப்பு ஆகும்.

இயல்பில் உள்ள வேறுபாடுகள்

மரபு ஊடகங்கள் பொதுவாக ஒருவரிடம் இருந்து பலருக்குச் செல்லும் ஒருவழிப் பாதை கொண்டவை. வாசகர் கடிதம் போன்ற சிறு இடங்கள் தவிர, பெறுபவர் பேசுவதற்கு வாய்ப்பில்லை. இணையத்தில் பெறுபவரே அனுப்புபவராகவும் ஆகலாம்.

செலவு இரண்டாவது வேறுபாடு ஆகும். அச்சில் ஒவ்வொரு படிக்கும் தாள், மை, விநியோகம் எனச் செலவு உண்டு. இணையத்தில் ஒரு செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புவதற்கும் பத்தாயிரம் பேருக்கு அனுப்புவதற்கும் இடையே அனுப்புபவர் உணரத்தக்க செலவு வேறுபாடு பெரும்பாலும் இல்லை.

மூன்றாவது, அனுமதி. நாளிதழில் எது வெளிவரும் என்பதை ஆசிரியர் குழுவும் உரிமையாளரும் தீர்மானிக்கின்றனர். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அரசின் உரிமமும் தேவை. இந்தியாவில் ஒலிபரப்பு நீண்ட காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. இணையத்தில் வெளியிடுவதற்கு முன்அனுமதி பொதுவாகத் தேவையில்லை. எனினும் வெளியிட்ட பின்னர் அதனை யார் காண்பர் என்பதைத் தேடுபொறிகளும் சமூக வலைத்தளங்களும் பயன்படுத்தும் வரிசைப்படுத்தும் நிரல்கள் பெருமளவு தீர்மானிக்கின்றன. அதாவது, வாயிற்காவல் நீங்கிவிடவில்லை. அது வெளியீட்டுக்கு முன்னிருந்த இடத்தில் இருந்து வெளியீட்டுக்குப் பின்னுள்ள இடத்துக்கு நகர்ந்துள்ளது.

நான்காவது, பொறுப்பு. நாளிதழில் வரும் செய்திக்கு ஆசிரியரும் வெளியீட்டாளரும் சட்டப்படி பொறுப்பாவர். செய்தியைச் சரிபார்க்கும் வழக்கமும் அதனால் வளர்ந்தது. இணையத்தில் பெயர் மறைத்து எழுத இயலும். அடக்குமுறை உள்ள இடங்களில் இது பாதுகாப்பாகும். அதே இயல்பு பொய்ச்செய்திக்கும் துணை போகிறது.

எடுத்துக்காட்டுகள்

மெக்சிக்கோவின் சப்பாத்திஸ்தா இயக்கம்

1994 ஜனவரி 1 அன்று, வட அமெரிக்கக் கட்டற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில், மெக்சிக்கோவின் தென்கோடியில் உள்ள சியாப்பாஸ் மாநிலத்தில் தொல்குடி மக்களைக் கொண்ட சப்பாத்திஸ்தா படை சில நகரங்களைக் கைப்பற்றியது. அரசு படையை அனுப்பியது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் விளைவாக ஜனவரி 12 அன்று அரசு போர்நிறுத்தம் அறிவித்தது.

இவ்வியக்கம் இணையத்தைப் பயன்படுத்திய முதல் எழுச்சி என்று பல இடங்களில் குறிப்பிடப்படுகிறது. ஆனால் காட்டில் இருந்தவர்கள் நேரடியாக இணையத்தில் எழுதவில்லை. அவர்களது அறிக்கைகள் தாளில் எழுதப்பட்டுச் செய்தியாளர்களிடம் சேர்க்கப்பட்டன. மெக்சிக்கோ நகரின் "லா ஹோர்னாதா" நாளிதழ் அவற்றை வெளியிட்டது. பல்கலைக்கழகங்களில் இருந்த ஆதரவாளர்கள் அவற்றைத் தட்டச்சு செய்து, ஆங்கிலம் முதலிய மொழிகளில் பெயர்த்து, மின்னஞ்சல் குழுக்கள் மூலம் பரப்பினர். ஒரு நாளிதழும் பல மொழிபெயர்ப்பாளர்களும் இல்லையெனில் இணையத்தில் பரப்புவதற்கு எதுவும் இருந்திருக்காது. மறுபுறம், இணையம் இல்லையெனில் அந்நாளிதழின் செய்தி ஸ்பானிய மொழி வாசகர்களுக்கு அப்பால் அவ்வளவு விரைவில் சென்றிருக்காது.

1995 பிப்ரவரியில் அரசு மீண்டும் படை நடவடிக்கையைத் தொடங்கியபொழுது, பல நாடுகளில் உள்ள மெக்சிக்கோ தூதரகங்களின் முன் எதிர்ப்புக்கள் நடந்தன. அரசு மீண்டும் பேச்சுவார்த்தைக்குத் திரும்பியது. இம்மோதல் மையும் எழுத்தும் இணையமும் கொண்டு நடக்கும் போர் என்ற பொருள்பட அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் 1995இல் கூறினார்.

தென்கொரியா

தென்கொரியாவின் நாளிதழ்ச் சந்தை பழமைவாதச் சார்புடைய மூன்று பெரிய நாளிதழ்களின் ஆதிக்கத்தில் இருந்தது. இதற்கு மாற்றாக ஓ இயோன் ஹோ என்ற இதழியலாளர் 2000 பிப்ரவரி 22 அன்று "ஓமைநியூஸ்" என்ற இணைய நாளிதழைத் தொடங்கினார். ஒவ்வொரு குடிமகனும் செய்தியாளரே என்பது அதன் கொள்கை. 727 குடிமக்கள் செய்தியாளர்களுடன் அது தொடங்கியது. அவர்கள் அனுப்பும் செய்திகளைச் சம்பளம் பெறும் ஆசிரியர்கள் சரிபார்த்து வெளியிட்டனர்.

2002 ஜூன் மாதத்தில் அமெரிக்கப் படை வாகனம் மோதி இரு பள்ளி மாணவியர் இறந்தனர். உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்த அந்நாட்களில் இச்செய்தி பெரிய கவனத்தைப் பெறவில்லை. நவம்பர் மாதத்தில் அமெரிக்கப் படை நீதிமன்றம் தொடர்புடைய இரு வீரர்களையும் விடுவித்தது. மெழுகுவர்த்தி ஏந்திக் கூடுவோம் என்று இணையத்தில் ஒருவர் விடுத்த அழைப்பை ஏற்று, நவம்பர் 30 அன்று சியோலில் மக்கள் திரண்டனர். தொடர்ந்து பல நகரங்களில் இத்தகைய கூட்டங்கள் நடந்தன. மெழுகுவர்த்திக் கூட்டம் அந்நாட்டின் எதிர்ப்பு மரபாகவே நிலைத்தது. 2016-17இல் குடியரசுத் தலைவர் பாக் குன் ஹே பதவி நீக்கப்படுவதற்கு முன் நடந்த பெருந்திரள் கூட்டங்களும் இவ்வடிவத்திலேயே அமைந்தன.

இந்நிகழ்வுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அழைப்பு விடுத்தவர், அவ்வழைப்பை வேறு ஒருவருடையது போல் காட்டி ஓமைநியூசில் செய்தியாகவும் எழுதியிருந்தமை பின்னர் வெளிப்பட்டு விவாதத்துக்கு உள்ளானது. செயற்பாட்டாளரும் செய்தியாளரும் ஒருவரே ஆகும்பொழுது எழும் நம்பகச் சிக்கலை இது எடுத்துக்காட்டுகிறது.

மியன்மார்

2007 ஆகஸ்ட் மாதத்தில் எரிபொருள் விலை கடுமையாக உயர்த்தப்பட்டதை அடுத்து மியன்மாரில் எதிர்ப்புக்கள் தொடங்கின. செப்டம்பர் மாதத்தில் பௌத்த துறவிகள் பெருமளவில் தெருவில் இறங்கினர். அப்பொழுது அந்நாட்டு மக்களில் மிகச் சிறிய பகுதியினருக்கே இணைய வசதி இருந்தது. நாளிதழ்கள் முன்தணிக்கைக்கு உட்பட்டிருந்தன.

நார்வேயின் ஒஸ்லோ நகரில் இருந்து இயங்கிய "பர்மாவின் மக்களாட்சிக் குரல்" என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்காக உள்நாட்டில் மறைவாகப் பணியாற்றியவர்கள் சிறு ஒளிப்படக் கருவிகளால் நிகழ்வுகளைப் பதிவு செய்தனர். பதிவுகள் இணையம் வழியாகவும் எல்லை வழியாகவும் வெளியே சென்றன. அங்கிருந்து செயற்கைக்கோள் தொலைக்காட்சி மூலம் அவை மீண்டும் மியன்மாருக்குள் ஒளிபரப்பாயின. பன்னாட்டுத் தொலைக்காட்சிகளும் அவற்றையே பயன்படுத்தின. செப்டம்பர் 27 அன்று யங்கோனில் யப்பானிய ஒளிப்படச் செய்தியாளர் கென்சி நகாய் சுட்டுக் கொல்லப்பட்ட காட்சியும் இவ்வாறு உலகைச் சென்றடைந்தது.

செப்டம்பர் 29 அளவில் அரசு இணையத்தைத் துண்டித்தது. எழுச்சி ஒடுக்கப்பட்டது. ஆனால் சான்று அழியவில்லை. இங்கு இணையம் மக்களைத் திரட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அப்பணியைத் துறவிகளின் மடங்களே செய்தன. இணையம் சான்றை வெளியே கொண்டு செல்லும் ஒடுங்கிய வழியாகவும், தொலைக்காட்சி அதனை உள்ளே திரும்பக் கொணரும் அகன்ற வழியாகவும் அமைந்தன.

எகிப்து

2010 ஜூன் மாதத்தில் அலெக்சாந்திரியா நகரில் காலித் சயீது என்ற இளைஞர் காவல் துறையினரால் அடித்துக் கொல்லப்பட்டார். "நாம் எல்லோரும் காலித் சயீது" என்ற பெயரில் வாயில் கோனிம் என்ற கணினிப் பொறியாளர் தம் பெயரை வெளியிடாமல் பேஸ்புக் பக்கம் ஒன்றைத் தொடங்கினார். துனீசியாவின் குடியரசுத் தலைவர் 2011 ஜனவரி 14 அன்று நாட்டை விட்டு வெளியேறிய பின்னர், ஜனவரி 25 அன்று கூடுமாறு இப்பக்கம் அழைப்பு விடுத்தது.

அழைப்பு இணையத்தில் வெளிப்படையாக இருந்தமையால் காவல் துறையும் அதனைப் படித்தது. எனவே ஒருங்கிணைப்பாளர்கள் 20 கூடுமிடங்களை இணையத்தில் அறிவித்து, 21ஆவது இடத்தை மறைவாக வைத்தனர். கெய்ரோவின் ஏழை மக்கள் வாழும் பூலாக் அல் தக்ரூர் பகுதியே அவ்விடம். காவலர் இல்லாத அங்கிருந்து புறப்பட்ட கூட்டமே முதலில் தஹ்ரீர் சதுக்கத்தை அடைந்தது. அந்நாட்களில் சுற்றுக்கு விடப்பட்ட வழிகாட்டித் துண்டறிக்கை ஒன்று, தன்னைப் பேஸ்புக், டுவிட்டர் மூலம் பரப்ப வேண்டாம் என்றும், அவை கண்காணிக்கப்படுவதால் மின்னஞ்சலாகவோ நகலெடுத்தோ கொடுக்குமாறும் கேட்டுக்கொண்டது.

ஜனவரி 28 அன்று அரசு நாட்டின் இணைய இணைப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் துண்டித்தது. நகர்பேசிச் சேவைகளும் நிறுத்தப்பட்டன. அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து பள்ளிவாசல்களில் இருந்து வெளிவந்தவர்களோடு, அதுவரை இல்லாத பெருங்கூட்டம் தெருக்களில் கூடியது. அல் ஜசீரா தொலைக்காட்சி நிகழ்வுகளை இடைவிடாது ஒளிபரப்பியது. பிப்ரவரி 2 அன்று இணையம் மீண்டது. பிப்ரவரி 11 அன்று ஹோஸ்னி முபாரக் பதவி விலகினார்.

அதன் பின்னர் நடந்தவை இக்கட்டுரையின் பொருளுக்கு மிகவும் முக்கியமானவை. 2012இல் நடந்த தேர்தலில், பல பத்தாண்டுகளாக அடிமட்ட அமைப்பை வளர்த்து வந்த முசுலிம் சகோதரத்துவ இயக்கத்தின் முகம்மது முர்சி வென்றார். 2013 ஜூலையில் படைத்துறை அவரை நீக்கியது. இணையத்தில் திரண்ட இளைஞர்கள் இவ்விரு அமைப்புகளுக்கும் ஈடாக ஓர் அரசியல் அமைப்பைக் கட்டியெழுப்ப இயலவில்லை. 2018இல் இயற்றப்பட்ட சட்டம், 5,000 பேருக்கு மேல் பின்தொடரும் தனிநபர் கணக்குகளையும் ஊடகமாகக் கருதி ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது.

இந்தியாவின் இணையச் சமநிலை இயக்கம்

2015 மார்ச் 27 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 118 பக்கம் கொண்ட கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. சில இணையச் சேவைகளுக்கு மட்டும் தனிக்கட்டணம் அல்லது கட்டண விலக்கு அளிப்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அனுமதிக்கலாமா என்பது அதில் எழுப்பப்பட்ட முக்கியக் கேள்வி. தன்னார்வலர்கள் அறிக்கையைச் சுருக்கி, எளிய விளக்கத்துடன் வலைத்தளம் ஒன்றை அமைத்தனர். அதன் மூலம் ஆணையத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்ப முடிந்தது. நகைச்சுவைக் குழு ஒன்றின் காணொளி இப்பொருளைப் பரவலாக்கியது. ஏப்ரல் 24க்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்தை அடைந்தன. அவற்றை ஆணையம் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு அப்படியே வெளியிட்டது கண்டனத்துக்கு உள்ளானது.

ஆண்டின் இறுதியில் இரண்டாவது கலந்தாய்வு நடந்தபொழுது, பேஸ்புக் நிறுவனம் தனது கட்டணமில்லா அடிப்படைச் சேவைத் திட்டத்துக்கு ஆதரவாகத் தன் தளத்திலேயே பயனர்களிடம் கையொப்பம் திரட்டியது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களும் கொடுத்தது. அவ்வாறு வந்த ஒரே மாதிரியான கடிதங்கள் தான் கேட்ட கேள்விகளுக்கு விடை தரவில்லை என்று ஆணையம் சுட்டிக்காட்டியது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுபட்ட கட்டணம் பெறுவதைத் தடை செய்யும் விதிமுறையை ஆணையம் வெளியிட்டது.

இவ்வியக்கத்தில் இணையம் எண்ணிக்கையை மட்டும் தரவில்லை. கடினமான அரசு ஆவணத்தைப் பொதுமக்கள் புரிந்து விடையளிக்கத்தக்க வடிவில் மாற்றித் தந்தது. விடையைப் பெற்றுக்கொள்ளச் சட்டப்படி கடமைப்பட்ட ஓர் அமைப்பும், குறித்த கெடுவும் இருந்தமை வெற்றிக்கு முக்கியக் காரணங்கள் ஆகும். அதே வேளையில், சமூக வலைத்தளத்தின் உரிமையாளரே ஒரு தரப்பாக நின்றால் அவருக்கு எத்தகைய ஆற்றல் கிடைக்கிறது என்பதையும் இந்நிகழ்வு காட்டியது.

தமிழ்நாட்டில் 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுத் தடைக்கு எதிராகச் சென்னை மெரினா கடற்கரையில் திரண்ட கூட்டமும் பெரும்பாலும் பேஸ்புக், வாட்சப் மூலம் திரண்டதே. தொலைக்காட்சிகளின் நேரடி ஒளிபரப்பு அதனை மாநிலம் முழுவதும் கொண்டு சென்றது. ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று கூட்டத்தின் ஒரு பகுதியினர் கலைய மறுத்தனர். கூட்டத்தின் சார்பில் பேசி முடிவெடுக்க ஏற்கப்பட்ட பொதுத் தலைமை இல்லாத நிலையில், ஜனவரி 23 அன்று காவல் துறை கூட்டத்தைக் கலைத்தது. அன்று வன்முறையும் நிகழ்ந்தது.

வரையறைகளும் ஆபத்துகளும்

இணைப்புத் துண்டிப்பு: நாளிதழ்களை ஒவ்வொன்றாகவே தடை செய்ய முடியும். இணையத்தையோ ஒரே ஆணையில் நிறுத்த இயலும். இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான எதிர்ப்புக்களின்போது சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. வங்காளதேசத்தில் 2024 ஜூலை மாதத்தில் மாணவர் போராட்டத்தின்போது நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டது. இரு நாடுகளிலும் எதிர்ப்பு அதனால் நிற்கவில்லை. 2019 ஆகஸ்டில் சம்மு காசுமீரில் இணையமும் தொலைபேசியும் நிறுத்தப்பட்டபொழுது, நாளிதழை வெளியிட இயலவில்லை என்று அங்குள்ள நாளிதழ் ஆசிரியர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். இணையத்தைக் காலவரையறை இன்றி நிறுத்தி வைப்பது ஏற்கத்தக்கதல்ல என்று 2020 ஜனவரி 10 அன்று நீதிமன்றம் கூறியது. அச்சு ஊடகமும் இன்று இணையத்தைச் சார்ந்தே இயங்குகிறது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

கண்காணிப்பு: துண்டறிக்கையைப் படித்தவர் யார் என்பது அச்சிட்டவருக்கே தெரியாது. இணையத்தில் யார் படித்தார், யாருக்கு அனுப்பினார், எங்கிருந்து அனுப்பினார் என்பன பதிவாகின்றன. ஓர் இயக்கத்தின் உறுப்பினர் பட்டியலை அதன் எதிரிகள் பெறுவது முன்பு கடினமாக இருந்தது. இன்று அது ஒரு தரவுத்தளமாக ஏற்கெனவே இருக்கிறது.

பொய்யும் வெறுப்பும்: ஊடகத்தின் ஆற்றல் நன்மைக்கு மட்டும் உரியதன்று. 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலைக்கு ஒரு வானொலி நிலையம் தூண்டுகோலாக இருந்தது. அதன் பொறுப்பாளர்களைப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003இல் தண்டித்தது. மியன்மாரில் 2017இல் ரோகிங்கியா மக்களுக்கு எதிராக நடந்த வன்கொடுமைகளை ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் குழு, வெறுப்பைப் பரப்புவதற்குப் பேஸ்புக் பயன்பட்டதை 2018இல் சுட்டிக்காட்டியது. பத்தாண்டுக்கு முன் துறவிகளின் எழுச்சிக்குச் சான்று கொண்டு சென்ற அதே வலைப்பின்னல், அதே நாட்டில், வேறு கைகளில் வேறு பணியைச் செய்தது.

சமமற்ற வாய்ப்பு: கருவி, மின்சாரம், எழுத்தறிவு, மொழி ஆகியவை இல்லாதோரின் குரல் இணையத்தில் ஒலிப்பதில்லை. இணையத்தில் பேசப்படாத சிக்கல் இல்லாத சிக்கல் என்று கருதப்படும் ஆபத்து உண்டு. வானொலியும் நேரடிச் சந்திப்பும் இவ்விடங்களில் இன்றும் பயன்படுகின்றன.

ஆய்வாளர் கருத்துக்கள்

மக்கள் ஒன்றுசேர்வதற்கு முன்பு தேவைப்பட்ட செலவையும் நிறுவன அமைப்பையும் இணையம் பெருமளவு குறைத்துவிட்டது என்று கிளே ஷேர்கி 2008இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். இதற்கு மாறாக, ஆபத்தான போராட்டங்களில் மக்கள் நிலைத்து நிற்பது நெருங்கிய உறவுகளின் வலிமையால்தான் என்றும், சமூக வலைத்தளங்கள் உருவாக்குவது தளர்ந்த உறவுகளையே என்றும் மால்கம் கிளாட்வெல் 2010இல் எழுதினார். அடக்குமுறை அரசுகளும் இணையத்தைத் திறமையாகப் பயன்படுத்தும் என்று எவ்கெனி மோரோசோவ் 2011இல் எச்சரித்தார்.

துருக்கியில் பிறந்த சமூகவியலாளர் செய்னெப் துஃபெக்சி 2017இல் வெளியிட்ட நூலில் இவ்விரு தரப்புகளுக்கும் இடைப்பட்ட விளக்கம் ஒன்றை முன்வைத்தார். முன்பு ஒரு பெரிய ஊர்வலத்தை நடத்த மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் ஊடாகவே முடிவெடுக்கும் முறையும், தலைமையும், ஒருவர் மீது ஒருவருக்கு நம்பிக்கையும் உருவாயின. இணையத்தின் மூலம் சில நாட்களில் அதே அளவு கூட்டம் திரளும்போது அத்திறன்கள் உருவாவதற்குக் காலம் இருப்பதில்லை. எனவே பழைய ஊர்வலம் நீண்ட முயற்சியின் விளைவாகவும், புதிய ஊர்வலம் முயற்சியின் தொடக்கமாகவும் அமைகின்றன. கூட்டத்தின் அளவு ஒன்றாக இருப்பினும் அது குறிக்கும் வலிமை ஒன்றல்ல.

ஒப்பீட்டுச் சுருக்கம்

மேற்கண்ட நிகழ்வுகளை முன்னர் கூறிய நான்கு பணிகளோடு பொருத்திப் பார்க்கலாம். பரப்புதலிலும் திரட்டுதலிலும் இணையம் விரைவும் குறைந்த செலவும் கொண்டது. ஆனால் துண்டிப்புக்கும் கண்காணிப்புக்கும் எளிதில் உட்படுவது. சான்று சேர்த்தலில், நிகழ்விடத்தில் இருக்கும் எவரும் பதிவு செய்து அனுப்பும் வாய்ப்பை இணையம் தருகிறது. அதனைச் சரிபார்த்து, இயக்கத்தைச் சாராதவரும் நம்பும்படி செய்வதில் செய்தி நிறுவனங்களின் பங்கு தொடர்கிறது. அழுத்தம் தருதலில் எந்த ஊடகமும் தனித்துப் போதுமானதாக இருந்ததில்லை. நீதிமன்றம், தேர்தல், ஒழுங்குமுறை ஆணையம், வேலைநிறுத்தம், புறக்கணிப்பு போன்ற ஏதேனும் ஒரு பிடிமானம் உடன் இருந்தபொழுதே கோரிக்கை முடிவாக மாறியது.

மான்ட்கோமரியில் துண்டறிக்கை ஓரிரவில் உருவானது. புறக்கணிப்பு ஓராண்டுக்கு மேல் நீடித்தது. இணையம் அந்த ஓரிரவைச் சில நிமிடங்களாகச் சுருக்கியுள்ளது. எஞ்சிய ஓராண்டுக்கான உழைப்பு இயக்கங்களைப் பொறுத்தவரை குறையாமலேயே உள்ளது.